அப்லேஷனுக்குப் பிறகு நாடித்துடிப்பு: வீட்டில் எண்ணுவதும் புரிந்துகொள்வதும்

என் தந்தைக்கு 61 வயதில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் தாளம் தப்பிய துடிப்புக்காகக் கதீட்டர் அப்லேஷன் செய்தார்கள்; தொடையிடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறைக் கிளப்பும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ வடுவாக்கும் சிகிச்சை அது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணியவர், "முன்னெல்லாம் அறுபத்து நாலு இருக்கும்மா, இப்போ எண்பத்தாறு அடிக்குது, எதையாவது கெடுத்துட்டாங்களோ?" என்று கேட்டார். மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பட்டியல் இருந்தது, தொடையிடுக்குக் காயத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை இருந்தது, ஆனால் துடிப்பைப் பற்றி "படபடப்பு இருந்தால் தொடர்புகொள்ளவும்" என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்தப் படபடப்பு, எத்தனை நேரம், எந்த எண்ணுக்கு மேல் என்பதெல்லாம் அதில் இல்லை. அடுத்த மூன்று மாதங்களில் நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியதும், மருத்துவரிடம் கேட்டதும், பிறகு படித்துத் தெளிந்ததும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு எண்ணைச் சொல்லியிருந்தால், இங்கே உள்ளதை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அப்லேஷன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அப்லேஷன் என்ற ஒரே சொல்லுக்குள் பல சிகிச்சைகள் இருக்கின்றன. துடிப்பில் எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, செய்யப்பட்டது எது என்ற வரியைக் கண்டுபிடியுங்கள், புரியாவிட்டால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். திடீரென்று 180, 200 என்று ஓடிச் சட்டென்று நிற்கும் வகைப் படபடப்புக்காக மேலறையிலிருந்து கீழறைக்கு மின்செய்தியைக் கடத்தும் ஏவி கணுவை ஒட்டிய, மெதுபாதை என்ற மின்பாதையைச் சுட்டிருந்தால், இயல்பான ஓய்வுத் துடிப்பு பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருக்கும். சிலருக்கு மட்டும் சில வாரங்கள் சற்றுக் கூடுதலாக ஓடும். வலது மேலறையில் மின்னோட்டம் வட்டமிட்டு ஓடும் ஃப்ளட்டர் என்ற கோளாறுக்கான அப்லேஷனிலும் பெரிய மாற்றம் இராது.

ஏவி கணுவையே முழுதாகச் சுட்டுவிட்டுப் பேஸ்மேக்கரை நம்பி விடும் சிகிச்சை முற்றிலும் தனி. அவர்களுக்குத் துடிப்பின் எண்ணைத் தீர்மானிப்பது கருவிதான். தொடக்கத்தில் ஓரிரு மாதங்களுக்கு வேண்டுமென்றே 80 அல்லது 90 என்று வைத்துவிட்டுப் பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள், ஏனென்றால் பல மாதம் வேகமாக ஓடிப் பழகிய கீழறைகள் திடீரென்று மெதுவாக்கப்படும்போது ஆபத்தான தாளக்கோளாறுக்கு இடம் தரக்கூடும். அவர்கள் நோட்டில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: கருவியில் வைத்திருக்கும் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே நாடி போகிறதா என்பது.

இனி எழுதுவது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான அப்லேஷனைப் பற்றியது. துடிப்பு மாறிப்போய் வீட்டில் உள்ளவர்களைக் கலங்க வைப்பது அதிகமும் அதில்தான்.

துடிப்பு ஏன் கூடுகிறது

1998-ல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷெல் ஐசாகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இந்தத் தாளக்கோளாறைத் தூண்டிவிடும் பொறிகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருப்பதைக் கண்டார்கள். அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ உறைகுளிராலோ ஒரு வடு வளையம் போட்டு, பொறி வெளியே வராமல் அடைப்பதுதான் இன்றும் இச்சிகிச்சையின் அடிப்படை.

அந்த வாய்களை ஒட்டி, இதயத்தின் வெளிப்புறக் கொழுப்புக்குள், சிறு சிறு நரம்புக் கணுக்கள் திரண்டிருக்கின்றன. வேகஸ் நரம்பு இதயத்துக்கு "மெதுவாகப் போ" என்று சொல்லும் செய்தி இவற்றின் வழியாகத்தான் போகிறது. வளையம் போடும்போது அந்தக் கணுக்களிலும் சில காயப்படும். பிரேக் தளர்ந்த வண்டி சற்று வேகமாக ஓடுவதைப் போல, இதயம் தன் சொந்த வேகத்தை நோக்கி நகரும். அந்தச் சொந்த வேகம் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய சூத்திரமே உண்டு: 1970-ல், நரம்புகளின் செல்வாக்கை மருந்தால் தடுத்து அளந்த ஆய்விலிருந்து பிறந்தது அது. வயதை 0.57 ஆல் பெருக்கி, 118.1-லிருந்து கழிக்க வேண்டும். 61 வயதுக்குக் கணக்குப் போட்டால் 83 சொச்சம் வரும். அப்பாவின் 86, அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே நிற்பதைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதி, அதுவரை யார் சொல்லியும் வராதது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் ஓய்வுத் துடிப்பு 90, 100 என்று இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த இதயத்துக்கு நரம்பிணைப்பே கிடையாது.

ஆகவே ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை கூடுவது வழக்கமான செய்தி. சிலருக்கு அது 20-ஐயும் தொடும். வாரங்களில் கொஞ்சம் இறங்கி, மாதங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கி, சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகும் பழைய எண்ணைவிட ஐந்தாறு கூடுதலாகவே நின்றுவிடும். இப்படிக் கூடியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதற்காகத் துடிப்பு கூடாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குறிப்பாக, அண்மையில் பரவிவரும் பல்ஸ்டு ஃபீல்டு என்ற மின்துடிப்பு முறை இதயத்தசையைத் தேர்ந்து தாக்கி நரம்புக் கணுக்களை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால், அம்முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு உயர்வு குறைவாகவே தெரியும்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டைக் கொண்டுதான் அந்தக் கடிகாரங்கள் மன அழுத்தத்தைக் கணிக்கின்றன. வேகஸ் தளர்ந்ததும் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். கடிகாரமோ நீங்கள் பெரும் மன அழுத்தத்தில் இருப்பதாகவும் உடல் மீளவே இல்லை என்றும் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். சாய்வு நாற்காலியில் அமைதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னது. அந்தப் பகுதியை மூன்று மாதத்துக்கு அணைத்து வைத்துவிடுங்கள்.

எண்ணும் முறை

எண் பயனுள்ளதாக இருக்க வேண்டுமானால், தினமும் ஒரே நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு எண்ணுங்கள். மாலையில் ஒருமுறை, இரவு உணவுக்கு முன் எண்ணினால் போதும். ஒரு நாளைக்கு இருபது முறை எண்ணுபவருக்கு, எண்ணுவதே படபடப்பைக் கொண்டுவந்துவிடும்; முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் பக்கத்தில், எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், மறுகையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெதுவாகப் பதியுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு. அழுத்தினால் நாடி மறைந்துவிடும். மறைந்த இடத்திலிருந்து சற்றே விரலைத் தளர்த்தினால் தெளிவாக எழும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இந்தக் காலத்தில் உதவாது, ஏனென்றால் நமக்குத் தேவையானது எண் மட்டுமன்று, தாளமும்தான். முழு 60 விநாடி எண்ணுங்கள். எண்ணும்போதே, துடிப்புகள் சம இடைவெளியில் விழுகின்றனவா, சம இடைவெளிக்கு நடுவே எப்போதாவது ஒன்று தவறுகிறதா, அல்லது எந்த ஒழுங்கும் இல்லாமல் கூரையில் மழைத்துளி விழுவதைப் போல முன்னும் பின்னுமாக விழுகின்றனவா என்று கவனியுங்கள். இந்த மூன்றில் எது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "9-ம் நாள், காலை 6.10, 84, சீர், இரண்டு முறை தவறியது, ரத்த அழுத்தம் 126/78, தூக்கம் சுமார், காய்ச்சல் இல்லை." காய்ச்சல் இல்லை என்பதையும் எழுதச் சொன்னது வார்டில் இருந்த நர்ஸ், அதன் காரணம் பின்னால் வருகிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் தாளம் சீராக இருக்கும்போது நம்பத்தக்கவை, சீர் கெட்டால் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. அவை எண்ணுவது இதயத்தின் துடிப்பையன்று, விரலுக்கும் கைக்கும் வந்து சேரும் அலையை. இந்த வேறுபாட்டை நாங்கள் பதினோராம் நாள் இரவில் படித்தோம். ஆக்சிமீட்டர் 42 என்று காட்டியது, அப்பாவோ மயக்கமோ மூச்சுத்திணறலோ இல்லாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் எண்ணினேன், 42-தான். அம்மா என்ன நினைத்தாரோ, குனிந்து அப்பாவின் மார்பில் காதை வைத்து எண்ணினார், 84 வந்தது. அருகிலிருந்த கிளினிக்கில் எடுத்த ஈசிஜியில், ஒரு நல்ல துடிப்பு, உடனே ஒரு முந்திய துடிப்பு, மறுபடி ஒரு நல்லது, ஒரு முந்தியது என்று மாறிமாறி வந்திருந்தது. முந்தி வரும் துடிப்பின்போது கீழறையில் ரத்தம் நிறைந்திருக்காது. இதயம் சுருங்கும், ஆனால் கைக்கு எட்டும் அளவுக்கு அலை எழாது. அதனால் பாதி எண்ணிக்கைதான் விரலுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் அது தானாகவே அடங்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: கருவி விநோதமான எண்ணைக் காட்டினால் முதலில் கையால் எண்ணு, கையும் அதையே சொன்னால் மார்பில் கேள், மனிதர் எப்படி இருக்கிறார் என்று பார், பிறகு ஈசிஜி. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் இந்த வரிசை வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

ஒற்றைத் தட ஈசிஜி எடுக்கும் கடிகாரமோ கையடக்கக் கருவியோ இருந்தால், அது சொல்லும் தீர்ப்பைவிட அது பதிவுசெய்யும் கோடு மதிப்புள்ளது. படபடப்பு இருக்கும்போதே 30 விநாடி எடுத்து, படமாகச் சேமித்து, தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜியில் படபடப்பைத் தேட முடியாது.

முதல் சில மணி நேரமும் முதல் வாரமும்

சிகிச்சை முடிந்த அன்று துடிப்பு ஏறுவதற்குப் பல சாதாரணக் காரணங்கள் உண்டு: மயக்க மருந்தின் மிச்சம், காலை நீட்டிப் பல மணி நேரம் அசையாமல் கிடந்த வேதனை, சில சமயம் பொறிகளைத் தூண்டிப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்து. தொடையிடுக்கிலிருந்து குழாயை உருவி அழுத்தும்போது சிலருக்கு வேகஸ் தூண்டப்பட்டுத் துடிப்பு சட்டென்று இறங்கி, வியர்த்து, கண் இருட்டும்; பக்கத்திலேயே இருப்பவர்கள் கவனித்துக்கொள்வார்கள். கதீட்டரின் நுனியைக் குளிர்விக்கச் செலுத்தும் உப்புநீர் உடலில் சேர்வதால், ஓரிரு நாள் எடை கூடி, படுத்தால் மூச்சு முட்டுவதும் துடிப்பு கூடுவதும் உண்டு. அப்படி இருந்தால் சொல்லுங்கள், நீர் பிரியும் மாத்திரையில் சரியாகிவிடும்.

முதல் வாரத்தில் ஆழ்ந்து மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சுவலி பலருக்கு வரும். சூடுபட்ட மேலறைச் சுவரும் அதைச் சுற்றிய உறையும் அழன்றிருப்பதால் வருவது அது. முன்சாய்ந்து உட்கார்ந்தால் குறையும், நாளுக்கு நாள் தணியும். அதே அழற்சிதான் துடிப்பையும் கூட்டுகிறது, இடையிடையே தவறும் துடிப்புகளையும் கொண்டுவருகிறது. தவறுவதைப் போல உணர்வது பெரும்பாலும் முந்திவந்த துடிப்பும் அதற்குப் பின் வரும் சிறு இடைநிறுத்தமும். இடைநிறுத்தத்தில் நிறைய ரத்தம் சேர்ந்துவிடுவதால் அடுத்த துடிப்பு மார்பில் உதைப்பதுபோல விழும். மோசமான துடிப்பு என்று நோயாளி சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் அந்த நல்ல துடிப்பைத்தான்.

இந்த நாள்களில் எழுந்து நின்றாலே 15, 20 கூடும், மாடி ஏறினால் 110, 115 என்று போகும், சற்று உட்கார்ந்தால் முன்பைவிட மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் இவை எல்லாமே இன்னும் மோசமாகும். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு நீரின் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால் அதை மீறக் கூடாது. நடையைத் துடிப்பின் எண்ணை வைத்து அளக்காமல் பேச்சை வைத்து அளந்துகொள்வது எளிது: நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் சரியான வேகம். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண் எப்படியும் அமுக்கப்பட்டே இருக்கும். முதல் வாரம் குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ தூக்குவது வேண்டாம். அதன் காரணம் இதயத்தில் இல்லை, தொடையிடுக்கில் இருக்கிறது.

எட்டு வாரங்கள்

வடு முற்றுவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் பழைய தாளக்கோளாறே ஓரிரு முறை எட்டிப் பார்த்தாலும் அதைத் தோல்வி என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பிளாங்கிங் காலம் என்று அதைச் சொல்கிறார்கள். நெடுநாளாக மூன்று மாதம் என்றிருந்ததை, ஐரோப்பிய, அமெரிக்க, ஆசிய பசிபிக், லத்தீன் அமெரிக்க இதயத்துடிப்புச் சங்கங்கள் 2024-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் எட்டு வாரமாகக் குறைத்தார்கள். கணக்கில் எடுப்பதில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்று பொருளில்லை. ஒழுங்கற்ற துடிப்பு சில நிமிடம் வந்து அடங்கினால் நோட்டில் எழுதுங்கள். மணிக்கணக்கில் நீடித்தால் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், மாத்திரையைக் கூட்டுவதா, மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இக்காலத்தில் ஏமாற்றக்கூடிய ஒன்று, சீராக ஓடும் ஃப்ளட்டர். ஃபிப்ரிலேஷன் என்றால் தாளமின்மை என்று பழகியவர்கள், நாடி சீராக இருப்பதைக் கண்டு நிம்மதியடைந்துவிடுவார்கள். ஆனால் அப்லேஷன் போட்ட வடுக்களைச் சுற்றியே மின்னோட்டம் வட்டமிடத் தொடங்கினால், மேலறை நிமிடத்துக்கு 250, 300 என்று ஓட, அதில் இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று கீழறைக்கு இறங்கும். அப்போது நாடி சீராகவே 125, 150 அல்லது 75 என்று நிற்கும். இயல்பான துடிப்பு மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்பச் சற்றே ஏறி இறங்கும். இதுவோ உட்கார்ந்தாலும் 148, நடந்தாலும் 148, அரை மணி கழித்தும் 148 என்று ஆணியடித்ததுபோல நிற்கும். இரண்டுக்கு ஒன்று மூன்றுக்கு ஒன்றாக மாறும்போது படிக்கட்டில் தாவுவதுபோல எண் சட்டென்று இறங்கும். ஓய்வில் அசையாமல் நிற்கும் எந்த வேகமான எண்ணுக்கும் அன்றே ஒரு முழு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

ஓய்வுத் துடிப்பு நன்றாக இறங்கிக்கொண்டிருந்து மீண்டும் மெதுவாக ஏறத் தொடங்கினால், இதயத்துக்கு வெளியிலும் காரணம் தேட வேண்டும். தொடையிடுக்கில் நிறைய ரத்தம் கட்டியிருந்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றியிருக்கலாம். தாளத்தைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குத் தைராய்டு கூடியிருக்கலாம். பீட்டா பிளாக்கரை நாமாகவே நிறுத்தியிருக்கலாம். இது எழுதுவதற்கு அற்பமாகத் தோன்றினாலும், மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் வாங்க மறந்ததில் அப்பாவுக்கு 78-லிருந்து 97 ஆனது.

துடிப்பு குறைந்தால்

கூடுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். குறைவதை யாரும் கேட்பதில்லை. ஃபிப்ரிலேஷனில் 130 என்று ஓடியதை அடக்குவதற்காகக் கொடுத்த மெட்டோபிரோலாலோ டில்டியாசெமோ, இப்போது சீரான தாளம் வந்த பிறகு அளவுக்கு மீறியதாகிவிடலாம். வருடக்கணக்கில் ஃபிப்ரிலேஷன் மூடி மறைத்திருந்த, துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவின் சோம்பலும் இப்போது வெளியே தெரியலாம். தூக்கத்தில் 50-க்குக் கீழே போவது பலருக்கு இயல்பு. விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே நின்று, கூடவே தலைசுற்றலோ களைப்போ இருந்தாலும், 40-க்குக் கீழே எந்தத் தொந்தரவும் இல்லாமலே நின்றாலும், மார்பில் கேட்டும் அதே எண் வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். படபடப்பு நின்ற அந்தக் கணத்தில் கண் இருட்டி விழப்பார்த்தால், தாளம் மாறும்போது இதயம் சில விநாடி நின்று தொடங்குகிறது என்று பொருள்படலாம். அதற்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணுவதை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

ஓய்வில் துடிப்பு 120-க்கு மேலேயே நிலைத்து, உட்கார்ந்து தண்ணீர் குடித்து அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள். அதனுடன் மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சை அமுக்கும் வலி எது சேர்ந்தாலும் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

முதல் சில நாளில் துடிப்பு ஏறிக்கொண்டே போக, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தால், இதய உறைக்குள் ரத்தம் சேர்கிறது என்று அஞ்ச வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவதால் இது வீடு திரும்பிய பிறகும் வரலாம். இடுப்புக்குப் பின்னால் அல்லது விலாவில் வலி, வெளிறிய முகம், வேகமான நாடி மூன்றும் சேர்ந்தால் தொடையிடுக்கிலிருந்து உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருளாகலாம். வெளியே காயத்தில் ஒரு துளியும் தெரியாது. வெளியே கசிந்தால் படுக்க வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் அழுத்தியபடியே கொண்டுபோங்கள். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை வலுவிழத்தல் எந்த நாளில் வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

நர்ஸ் காய்ச்சலை எழுதச் சொன்னது வேறொன்றுக்காக. இடது மேலறையின் பின்சுவரும் உணவுக்குழாயும் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. வெப்பத்தால் செய்த அப்லேஷனில், மிக மிக அரிதாக, உணவுக்குழாயில் பட்ட சூடு புண்ணாகி, முதல் வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் மேலறைக்குள் துளையாகிவிடும். காய்ச்சல், நடுக்கம், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, வேகமான நாடி, சிலருக்குப் பக்கவாத அறிகுறி என்று அது வரும். சாதாரணக் காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் இழுத்தால் உயிருக்கே ஆபத்து. அப்லேஷனுக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எந்த நாளில் எந்த அப்லேஷன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மார்புச் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முன் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டாம் என்று கேளுங்கள். அதில் செலுத்தும் காற்று துளை வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தைப் படமெடுத்து வீட்டில் எல்லோருடைய தொலைபேசியிலும் வைத்தது இதற்காகத்தான். வயிற்றுக்கென்று தந்த, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலையும் இதே காரணத்தால், வயிறு நன்றாக இருந்தாலும், சொன்ன வாரம் வரை விடாமல் எடுக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும் நாள்

நாடி சீராகிவிட்டது என்பதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. சூடுபட்ட உட்சுவரில் முதல் வாரங்களில் ரத்தக்கட்டி உருவாக வாய்ப்பு அதிகம் என்பதால், குறைந்தது இரண்டு அல்லது மூன்று மாதம் எல்லோரும் எடுக்க வேண்டும். அதன் பிறகு தொடர்வதா என்பதை வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்து மருத்துவர் தீர்மானிப்பார். நோட்டில் உள்ள நாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தீர்மானத்தில் அதற்குப் பெரிய இடமில்லை.

மருத்துவரிடம் முழு நோட்டையும் நீட்டினால் அவர் புரட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு வரியாக, காலை எண்களின் சராசரியையும், தாளம் கெட்ட நாள்களையும், அது நீடித்த நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சேமித்த ஈசிஜி படங்களில் படபடப்பு இருந்தபோது எடுத்தவற்றை மட்டும் முன்னால் வையுங்கள். எங்கள் தாளில் முதல் வாரம் 86, நான்காம் வாரம் 81, எட்டாம் வாரம் 79, பன்னிரண்டாம் வாரம் 76 என்று இருந்தது. பதினோராம் நாள் 42 என்ற இடத்தில் அம்மா தன் கையால் "மார்பில் 84" என்று எழுதியிருந்தார். மருத்துவர் அந்த ஒரு வரியில் மட்டும் பேனாவை நிறுத்தி, யார் எண்ணியது என்று கேட்டார்.